வெளிநாட்டுச் சண்டைக்கா, உள்ளூர் ரோட்டுக்கும் தண்ணிக்குமா: அரசாங்கக் காசு முதல்ல எங்க போகணும்?

இந்தக் கேள்வி இப்ப எல்லாப் பக்கமும் ஓடுது. அமெரிக்கால செட்டிலாகி அங்க ஓட்டுப் போடுற நம்மூருப் பிள்ளைகளும் கேக்குறாங்க, இங்க டீக்கடைல பேப்பர் படிக்கிறவங்களும் கேக்குறாங்க, கடல் தாண்டிப் போயி சண்டை போடுறதுக்கும் அடுத்த நாட்டு சண்டைக்கு ஆயுதம் அனுப்புறதுக்கும் இம்புட்டுக் காசக் கொட்டுறாய்ங்களே, அத உள்நாட்டுல ரோடு, குடிதண்ணி, ஆஸ்பத்திரி, ரயிலுன்னு போட்டா என்னன்னு. என் முடிவ முன்னாடியே சொல்லிடுறேன், உள்ளூர்க் கட்டமைப்புதான் முதல்ல. ஆனா சண்டைய நிப்பாட்டுனா அந்தக் காசு நேரா பாலமா மாறி வந்து நிக்கும்னு நம்புறவங்களோட எனக்கு ஒத்துவரல, அது ஏன்னும் சொல்றேன்.

மொதல்ல ஒன்னத் தனியா எடுத்து வச்சுருவோம். சொந்த எல்லைய காக்குறது வேற, நாடு தாண்டிப் போயி சண்டை போடுறது வேற. ரெண்டையும் ஒரே மூட்டைல கட்டிப் பேசுறதாலதான் பாதி வாதம் எங்கிட்டும் போய்ச் சேர மாட்டேங்குது. இந்தியாவோட 2025-26 பட்ஜெட்ல பாதுகாப்புக்கு ஒதுக்குனது 6.81 லட்சம் கோடி, அதுல 1.6 லட்சம் கோடி ரிட்டையர்டு ஆனவங்க பென்ஷன், புதுசா விமானம், கப்பல், பீரங்கின்னு வாங்குறதுக்கு 1.8 லட்சம் கோடி. அதே பட்ஜெட்ல நெடுஞ்சாலைத் துறைக்கு 2.87 லட்சம் கோடி, ரயில்வேக்கு 2.5 லட்சம் கோடிய ஒட்டி. இந்த 6.81ல எல்லைல பனில நிக்கிற பையனோட சம்பளம் இருக்கு, உசிலம்பட்டிப் பக்கம் போனா வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவங்க இருக்காங்க, அவங்க பென்ஷன்ல கை வையின்னு நான் சொல்லல. நான் இங்க பேசுறது வெளிநாட்டுச் சண்டைய மட்டும்தான்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒன்னத் தேர்ந்தெடுக்குறதுன்னா என்னன்னு மதுரைக்காரனுக்கு யாரும் புதுசா பாடம் எடுக்க வேண்டாம், நம்ம மண்ணுலயே அது நடந்து முடிஞ்சிருக்கு. தாது வருஷப் பஞ்சம்னு தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க, 1876ல ஆரம்பிச்சு 78 வரைக்கும் போட்டு வாட்டுன பஞ்சம், சென்னை மாகாணத்துலயும் அதச் சுத்தியும் செத்தவங்க 50 லட்சத்துக்கும் மேல. அது முடிஞ்ச கையோட வெள்ளக்கார அரசாங்கம் இனிமே பஞ்சம் வந்தா சமாளிக்கணும், கால்வாய் வெட்டணும், ரயில் பாதை போடணும்னு சொல்லி வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபா பஞ்சக் காப்பு நிதின்னு ஒன்னு ஆரம்பிச்சுச்சு. அதுக்காக 1878ல வியாபாரிங்க மேல லைசென்ஸ் வரி போட்டாய்ங்க, நம்ம மாகாணத்துல உப்பு வரியயும் ஏத்துனாய்ங்க. பஞ்சத்துல மிஞ்சுன சனம் கஞ்சில போடுற உப்புக்கு வரி கட்டுனதே அடுத்த பஞ்சத்துல பிள்ளைக சாகக் கூடாதுன்னுதான்னு அரசாங்கமே சொல்லுச்சு.

அதே 1878 நவம்பர்ல வைஸ்ராய் லிட்டன் ஆப்கானிஸ்தான் மேல படையெடுத்தாரு. ரஷ்யாக்காரன் காபூலுக்குள்ள வந்துருவான், அப்புறம் இந்தியாவுக்கு வந்துருவான்னு பயம். பஞ்சக் காப்புக்குன்னு வசூல் பண்ண வரி நிக்கல, ஆனா அந்த நிதிக்குன்னு சொன்ன ஒதுக்கீடு அடுத்த பட்ஜெட்லயே காணாமப் போச்சு, சண்டைச் செலவோட சேந்து கரைஞ்சிருச்சு, லண்டன் பார்லிமெண்டுலயே இதப் பத்திப் பெரிய சத்தம் கிளம்புச்சு. செலவுக் கணக்கோட கதை அதவிட மோசம். மொதல்ல 60 லட்சம் பவுண்டுக்குள்ள முடிஞ்சிரும்னு கணக்குக் காட்டுனாய்ங்க, கடைசில நின்னது ஒன்றேமுக்கால் கோடி பவுண்டுப் பக்கம். அதுல பிரிட்டன் குடுத்தது 50 லட்சம் பவுண்டு, மிச்சமெல்லாம் இந்திய வரிப்பணம். அன்னிக்கு அரசாங்கக் கணக்குல ஒரு பவுண்டுன்னா பத்து ரூபா, ஆக பதினேழு கோடி ரூபாய்க்கு மேல.

இப்ப இந்தப் பக்கம் வாங்க. மேற்கால ஓடிக் கடல்ல விழுகுற பெரியாத்துத் தண்ணிய மலையக் குடைஞ்சு கிழக்க திருப்பி வைகைல விட்டா மதுரை, மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் வெள்ளாமை ஆகும்னு அதுக்கும் ரொம்ப முன்னாடியே யோசிச்சாச்சு, 1867ல மேஜர் ரைவ்ஸ் திட்டமே எழுதிக் குடுத்துட்டாரு. ஃபைல் அங்கிட்டும் இங்கிட்டும் போச்சு, பஞ்சம் வந்துச்சு, சண்டை வந்துச்சு, 1882லதான் பென்னிகுவிக்க கூப்பிட்டு புதுத் திட்டம் போடச் சொன்னாய்ங்க, 1886ல திருவிதாங்கூர் மகாராஜாவோட குத்தகை ஒப்பந்தம், 1887ல வேலை ஆரம்பம், 1895 அக்டோபர்ல தண்ணி திருப்பி விட்டாய்ங்க. காட்டுல காலராவுலயும் மலேரியாவுலயும் செத்த கூலிக்காரங்க கல்லறை இன்னமும் அங்க இருக்கு. மொத்தச் செலவு ஏறக்குறைய ஒரு கோடி ரூபா.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு ஆப்கான் சண்டைச் செலவுல பெரியாறு மாதிரி பதினஞ்சு அணைக்கு மேல கட்டிருக்கலாம். அந்தச் சண்டைல என்ன கிடைச்சுச்சு, காபூல்ல உக்கார வச்ச பிரிட்டிஷ் தூதர ஒரு வருஷத்துக்குள்ள கொன்னாய்ங்க, 1880ல மைவாந்துல படை தோத்துச்சு, 1881ல காந்தகாரயும் விட்டுட்டு வந்தாய்ங்க. அந்தப் பதினேழு கோடில இன்னிக்கு ஒத்தப் பைசா மிச்சம் இல்ல. இந்த ஒரு கோடி ரூபா அணை 130 வருஷம் தாண்டி இன்னமும் ஓடுது, எங்க மேலூர்ப் பக்கம் பெரியாறு மெயின் கால்வாய்ல தண்ணி வர்ற நாள வச்சுத்தான் நாத்துப் பாவுறது, கல்யாணம் வைக்கிறது, நகைய மீக்குறது எல்லாமே. மலையடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப்ல அந்தத் தண்ணிலருந்து கரண்டு எடுக்குறாங்க, இப்ப அங்கருந்தே மதுரைக்குக் குழாய்ல குடிதண்ணி கொண்டு வர்ற திட்டத்துக்கு 1,300 கோடிய ஒட்டிச் செலவு பண்ணிருக்காங்க. வெள்ளக்காரன் நம்ம மேல பாசத்துல கட்டுனான்னு சொல்ல வரல, நிலவரி வரும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டுனான், ஆனா வரி வருமான்னு கணக்குப் பாத்ததாலதான் அது நிக்கிற மாதிரி வந்துச்சு. சண்டைக்கு அந்தக் கணக்க யாருமே பாக்கல.

இத எதுக்கு இம்புட்டு நீட்டிச் சொல்றேன்னா, 120 வருஷம் கழிச்சு அதே காபூலுக்கு இன்னொரு பெரிய நாடு போச்சு. 2001ல போன அமெரிக்கா 2021 ஆகஸ்ட்ல திரும்பிச்சு, நடுவுல 20 வருஷம். பிரௌன் யுனிவர்சிட்டில சண்டைச் செலவ மட்டுமே கணக்கெடுக்குற ஆய்வுக்குழு ஒன்னு இருக்கு, அவங்க கணக்குல ஆப்கான் சண்டைக்கு மட்டும் 2.3 லட்சம் கோடி டாலர், ஈராக் எல்லாம் சேத்து, காயப்பட்ட சிப்பாய்களுக்கு இனிமே பண்ண வேண்டிய வைத்தியச் செலவயும் சேத்தா 8 லட்சம் கோடி டாலர். ஆப்கானிஸ்தான்ல செத்த அமெரிக்க சிப்பாய்ங்க 2,400 பேருக்கு மேல, ஆப்கான் சனமும் ரெண்டு பக்கத்து ஆளுகளும் ஒன்றரை லட்சத்துக்கு மேல. எந்தத் தாலிபான விரட்டணும்னு போனாங்களோ அவங்களே திரும்ப வந்து உக்காந்துட்டாங்க.

அதே காலத்துல அமெரிக்காவுக்குள்ள என்ன நடந்துச்சு? 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி சாயங்காலம் ஆபீஸ் விட்டு எல்லாரும் வீட்டுக்குப் போற நேரத்துல மினியாபொலிஸ்ல மிசிசிப்பி ஆத்துப் பாலம் அப்படியே இடிஞ்சு விழுந்து 13 பேர் செத்தாங்க, அந்தப் பாலத்துல குறை இருக்குன்னு ஆய்வு ரிப்போர்ட்ல ஏற்கனவே எழுதி வச்சிருந்தாங்க. 2014ல ஃபிளிண்ட்ங்கிற ஊர்ல காச மிச்சம் பிடிக்கிறோம்னு தண்ணி எடுக்குற இடத்த மாத்தி, குழாய் அரிக்காம இருக்கப் போட வேண்டிய மருந்தையும் போடாம விட்டதுல பழைய ஈயக் குழாய் கரைஞ்சு பிள்ளைக குடிக்கிற தண்ணில ஈயம் கலந்துச்சு. 2022ல ஜாக்ஸன்ங்கிற மாநிலத் தலைநகர்ல சுத்திகரிப்பு நிலையம் படுத்து, ஒன்றரை லட்சம் பேர் வாழுற ஊருக்குக் குழாய்ல தண்ணி இல்லாமப் போச்சு. உலகத்துலயே பணக்கார நாட்டுல இது. மினியாபொலிஸ்ல புதுப் பாலத்த 23 கோடி டாலர் சொச்சத்துல ஒரு வருஷம் சில மாசத்துக்குள்ள கட்டி முடிச்சாங்க. ஆக காசும் இருந்துச்சு, கட்டுற திறமையும் இருந்துச்சு, விழுந்தப்புறம்தான் அது வெளிய வந்துச்சு.

ஆப்கானிஸ்தான விட்டு வந்து மூணு மாசத்துல, 2021 நவம்பர்ல, அங்க பெரிய கட்டமைப்புச் சட்டம் ஒன்னு வந்துச்சு, மொத்தம் 1.2 லட்சம் கோடி டாலர், அதுல புதுக் காசு 55,000 கோடி டாலர், ஈயக் குழாய மாத்துறதுக்கு, பாலத்துக்கு, ரயிலுக்கு, இண்டர்நெட்டுக்குன்னு. ஆப்கான் சண்டைக்குப் போனது இந்தப் புதுக் காசப் போல நாலு மடங்கு. ஆனா இந்த இடத்துல கவனமாப் பாக்கணும், சண்டை நின்னதால மிஞ்சுன காசு இதுக்கு வரல. அந்தச் சண்டைய நடத்துனதே கடன்லதான், 2001லயும் 2003லயும் வரியக் குறைச்சுக்கிட்டே சண்டைக்குன்னு தனியா அவசர ஒதுக்கீடு போட்டுப் போட்டு நடத்துனாங்க. அதனால சண்டை முடிஞ்சதும் எடுத்துக் குடுக்க உண்டியல் எதுவும் இல்ல, வட்டிதான் மிச்சம். கட்டமைப்புச் சட்டத்துக்குத் தனியா பேசி, தனியா சண்ட போட்டு, ரெண்டு கட்சியவும் சேத்து ஓட்டெடுத்துத்தான் கொண்டு வந்தாங்க. சண்டைய எதிர்க்கிறவங்க பல பேரு இந்த வேலையத்தான் மறந்துர்றாங்க.

என்னப் பொறுத்தவரை ரெண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காசு அளவு கூட இல்ல, கேள்வி கேக்குற அளவு. மதுரை மெட்ரோவ எடுத்துக்கங்க. திருமங்கலத்துலருந்து ஒத்தக்கடை வரைக்கும் 32 கிலோமீட்டர், 11,000 கோடிக்கு மேல. அதுக்கு விரிவான திட்ட அறிக்கை போடணும், ஒரு மணி நேரத்துக்கு எத்தன பேர் ஏறுவாங்கன்னு எண்ணணும், 2017 மெட்ரோ கொள்கைப்படி போட்ட காசுக்கு நாட்டுக்கு வருஷம் 14 சதவீதம் பலன் வரும்னு காட்டணும், பஸ்ஸே போதாதா, தனி வழில பஸ் விட்டா என்னன்னு எல்லாத்தையும் ஒப்பிட்டுக் காட்டணும். எல்லாம் காட்டி அனுப்புனப்புறம் 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பிருச்சு, 2011 கணக்கெடுப்புல 20 லட்சம் பேர் இல்லன்னு. 2011ல அதே அளவு சனம் இருந்த ஆக்ராவுல மெட்ரோ ஓடுதேன்னு கேட்டு நம்மூர்ல கொதிச்சாங்க, கொதிச்சது நியாயம்தான். கோரிப்பாளையம் சிக்னல்லயும் காளவாசல்லயும் தெனம் நிக்கிறவங்களுக்குத் தெரியும் அந்த வலி. ஆனா நான் சொல்ல வர்றது வேற. ஒரு ரூபா போடுறதுக்கு முன்னாடி இம்புட்டுக் கேள்வி கேக்குறது தப்பு இல்ல, கேக்கணும். அதே கேள்விய ஏன் ஒரு சண்டைக்கு யாரும் கேக்குறதில்ல?

ஈராக் சண்டை அதுக்குச் சரியான சாட்சி. 2003ல போறதுக்கு முன்னாடி அமெரிக்க அரசாங்கம் சொன்ன கணக்கு 5,000லருந்து 6,000 கோடி டாலர். ஜனாதிபதியோட பொருளாதார ஆலோசகர் லாரி லிண்ட்ஸே 10,000லருந்து 20,000 கோடி டாலர் வரை ஆகலாம்னு பொதுவுல சொன்னாரு, கொஞ்ச நாள்ல அவரு பதவில இல்ல. கடைசில ஆனது அவரு சொன்னதையும் பல மடங்கு தாண்டிருச்சு. 1878ல மூணு மடங்கு தப்பாப் போன கணக்கு, 2003ல எத்தன மடங்குன்னு எண்ண முடியாத அளவு தப்பாப் போச்சு. ஒரு மெட்ரோ எஸ்டிமேட் பத்து மடங்கு தப்பாப் போனா அந்த இன்ஜினியர வேலைல வச்சிருப்பாங்களா? எத்தன பேருக்குப் பலன், எப்ப முடியும், முடியலன்னா எப்ப நிப்பாட்டுவோம், காசு எங்கருந்து வருது, இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதிக் குடுக்காம எந்த அரசாங்கமும் சிப்பாய வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதுங்கறேன்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தயும் சொல்லாம விடக்கூடாது, அதுல உண்மை இருக்கு. 1971 பங்களாதேஷ் சண்டைய எடுத்துக்கங்க. கிழக்குப் பாகிஸ்தான்லருந்து ஒரு கோடி அகதிங்க இந்தியாவுக்குள்ள வந்துட்டாங்க, அவங்களுக்குச் சோறு போடுறதுக்கே நாடு திணறுச்சு. அப்ப தபாலுக்கு அஞ்சு பைசா அகதி நிவாரண ஸ்டாம்பு சேத்து ஒட்டணும்னு சட்டம், 1973 வரைக்கும் இருந்துச்சு, மதுரைலருந்து சென்னைக்குப் போட்ட கடுதாசிலயும் ஒட்டித்தான் அனுப்புனாங்க. பெருசுகக்கிட்ட பழைய கவர் இருந்தா பாருங்க. அந்த நெலமைல டிசம்பர் 3ல ஆரம்பிச்ச சண்டைய 16ல முடிச்சாங்க, நோக்கம் ஒன்னு, தெளிவா இருந்துச்சு, முடிஞ்சதும் படை திரும்பிருச்சு, அகதிங்க ஊருக்குத் திரும்புனாங்க. இந்தச் சண்டைய அணையோட ஒப்பிட்டு வீண் செலவுன்னு என்னால சொல்ல முடியாது.

ஆனா அதே இந்தியா 1987ல இலங்கைக்கு அமைதிப்படைய அனுப்புச்சே, அது நேர் எதிர். சமாதானத்தக் காக்கப் போன படை ரெண்டு மூணு மாசத்துல சண்டைக்குள்ள மாட்டிருச்சு, யாருக்கு எதிரா, எதுவரைக்கும்னு தெளிவே இல்ல. 1990 மார்ச்ல திரும்புறதுக்குள்ள 1,100க்கு மேல சிப்பாய்ங்க செத்தாங்க, அங்க யாழ்ப்பாணத்துல செத்த சனத்துக்குக் கணக்கு இன்னமும் தகராறுதான். அகதிங்க வர்றதும் நிக்கல, ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்கள்ல அந்தக் குடும்பங்க இன்னமும் இருக்காங்க, அங்கயே பெறந்து வளந்து கல்யாணம் கட்டுன பிள்ளைக இருக்காங்க. ஆக வெளிநாட்டுச் சண்டை எல்லாமே ஒன்னு இல்ல, ஆனா 71 மாதிரி ஒன்னு வந்தா 87 மாதிரி, 2003 மாதிரி பல வருது.

உக்ரைன் விஷயம் இன்னும் சிக்கல். அமெரிக்கா 2022லருந்து 2024 ஏப்ரல் வரை அஞ்சு சட்டம் போட்டு 17,500 கோடி டாலர ஒட்டி ஒதுக்குச்சு, அதுல கணிசமானது அமெரிக்கத் தொழிற்சாலைலயே ஆயுதம் செய்யுறதுக்குப் போச்சு, அவங்க சிப்பாய் யாரும் போயிச் சண்டை போடல. அங்க தடுக்கலன்னா நாளைக்கு இதவிடப் பெருசா வரும்னு சொல்றவங்க வாதத்த நான் ஒதுக்கல. அடுத்தவன் நாட்டுக்குள்ள புகுந்தவன எதிர்த்து நிக்கிறவனுக்குக் குடுக்குற காசும், நாமளே போயிப் புகுறதுக்குப் போடுற காசும் ஒரே தராசுல வைக்க முடியாது. அதுலயும் எதுவரைக்கும்ங்கிற கேள்வி இருக்கு, ஆனா அது வேற கேள்வி.

நாம சண்டை போடாட்டியும் சண்டை நம்ம வீட்டுக்கு வந்துரும், இதயும் கணக்குல எடுக்கணும். 2022ல உக்ரைன்ல குண்டு விழுந்துச்சு, இங்க சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறுச்சு, அங்க டாக்டருக்குப் படிச்ச நம்ம பிள்ளைக பங்கர்ல உக்காந்து வீட்டுக்கு போன் போட்டாங்க. அத விட பெருசு உரம். அந்த வருஷ பட்ஜெட்ல உர மானியத்துக்கு ஒதுக்குனது 1.05 லட்சம் கோடி, வருஷம் முடியுறதுக்குள்ள அது ரெண்டு மடங்கத் தாண்டிருச்சு. கூடுதலாப் போன அந்த ஒரு லட்சம் கோடிய யாரும் சண்டைச் செலவுன்னு எழுதல, ஆனா அது சண்டைச் செலவுதான். அந்தக் காசுல மதுரை மெட்ரோ மாதிரி எட்டு, ஒம்பது ஊருக்குப் போட்டிருக்கலாம். அதனாலதான் உலகத்துல எங்க சண்டை நடந்தாலும் நமக்கென்னன்னு இருக்கவும் முடியாது, சண்டைய நிப்பாட்டப் பேசுறதுக்குப் போடுற காசு தான் எல்லாத்தையும் விட மலிவு.

இன்னொரு வழி இருக்கு, அத யாரும் ஒப்பீட்டுல சேக்குறதே இல்ல. 2022ல இலங்கை திவாலாகி பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசைல நின்னப்ப இந்தியா 400 கோடி டாலரப் போலக் கடனாவும் உதவியாவும் குடுத்துச்சு, தமிழ்நாட்டுலருந்து 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துன்னு கப்பல்ல போச்சு. 1987ல படை அனுப்பி வாங்குனது என்ன, 2022ல அரிசி அனுப்பி வாங்குனது என்னன்னு யாழ்ப்பாணத்துக்காரங்களயே கேட்டுப் பாருங்க. வெளிநாட்டுக்குக் காசே அனுப்பக் கூடாதுன்னு சொல்றவங்களுக்கும் இதச் சொல்றேன், பக்கத்து வீடு பசியில கெடந்தா நம்ம கடலும் அமைதியா இருக்காது.

ஜப்பானயும் பாருங்க. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் பல பத்து வருஷமா நாட்டு வருமானத்துல ஒரு சதவீதத்த ஒட்டித்தான் ராணுவத்துக்குச் செலவு பண்ணாங்க. அவங்ககிட்ட தங்குன காசு புல்லட் ரயிலாச்சு, வெளிநாட்டுக்குக் கடனா வந்து டெல்லி மெட்ரோவாச்சு, சென்னை மெட்ரோவாச்சு. அந்த ஒரு சதவீதத்த ரெண்டாக்கணும்னு 2022 டிசம்பர்ல அவங்களே முடிவெடுத்திருக்காங்க, சீனா பக்கத்துல இருக்கு, நெலமை மாறுது. நம்ம தோப்பூர் எய்ம்ஸுக்கும் காசுல பெரும்பங்கு ஜப்பான் கடன்தான், மொத்தம் 1,977 கோடில 1,627 கோடி.

அந்த எய்ம்ஸத்தான் சண்டைக் காசு நின்னா ஊரு செழிக்கும்னு சொல்றவங்க முன்னாடி நான் வைக்கிறது. 2015 பட்ஜெட்ல தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ்னு அறிவிச்சாங்க, 2019 ஜனவரி 27ஆம் தேதி அடிக்கல் நட்டாங்க, முழு வீச்சுல கட்டட வேலை ஆரம்பிச்சது 2024 மார்ச்சுல. நடுவுல சேந்த மாணவங்க ராமநாதபுரத்துல போயிப் படிச்சாங்க. இந்த வருஷங்கள்ல இந்தியா எந்த வெளிநாட்டுலயும் சண்டை போடல. கடன் குடுக்க ஆள் இருந்துச்சு, நெலம் இருந்துச்சு, நோயாளி இருந்தாங்க. அஞ்சு வருஷம் காம்பவுண்டு சுவர மட்டும் பாத்துக்கிட்டு இருந்தோம். இது சண்டையால வந்த தாமதம் இல்ல, ஒப்பந்தம், கடன் பேச்சு, எஸ்டிமேட் திருத்தம், மத்தில ஒரு கட்சி மாநிலத்துல ஒரு கட்சின்னு வந்த தாமதம். இத சரி பண்ணாம சண்டைக் காச மட்டும் மிச்சம் பிடிச்சா அது பட்ஜெட் புத்தகத்துலயே தூங்கும்.

இந்த விஷயத்துல நான் மதிக்கிற ஒரு ஆளு ஐசனோவர், அமெரிக்க ஜனாதிபதி, அதுக்கு முன்னாடி ரெண்டாம் உலகப் போர்ல தளபதி. 1953ல ஒரு பேச்சுல ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தோட விலைல முப்பது ஊருக்கு மேல செங்கல் பள்ளிக்கூடம் கட்டலாம், இல்லாட்டி எல்லா வசதியும் உள்ள ரெண்டு ஆஸ்பத்திரி கட்டலாம், இல்லாட்டி அம்பது மைல் கான்கிரீட் ரோடு போடலாம்னு கணக்கே சொன்னாரு. சண்டையப் பாத்தவரு சொன்னது, அதனால கோழைத்தனம்னு யாரும் சொல்ல முடியல. 1956ல 41,000 மைல் நெடுஞ்சாலைச் சட்டத்துல கையெழுத்துப் போட்டதும் அவரே, அந்த ரோட்டுக்குப் பேர்லயே பாதுகாப்பு நெடுஞ்சாலைன்னு சேத்து வச்சாய்ங்க. நல்ல ரோடே நாட்டுக்குப் பாதுகாப்புதான்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. படை நகரணும்னாலும் ரோடு வேணும், காயப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரி வேணும், தண்ணி இல்லாத ஊர்லருந்து பட்டாளத்துக்கு ஆள் வர மாட்டான்.

அப்ப என்ன முடிவு பண்றது? அமெரிக்கால ஓட்டுப் போடுற நம்ம பிள்ளைகளுக்கு நான் சொல்றது, சண்டைய எதிர்க்கிறேன்னு மட்டும் சொல்ற வேட்பாளரப் பாத்து மயங்காதீங்க, அந்தக் காச எந்தச் சட்டத்துல எந்தக் குழாய்க்கு மாத்துவாருன்னு கேளுங்க, பதில் இல்லன்னா அது வெறும் மேடைப் பேச்சு. அடுத்த நாட்டுக்குள்ள நாமளே புகுறதா, புகுந்தவன எதிர்க்கிறவனுக்கு உதவுறதா, பசிக்குச் சோறு அனுப்புறதா, மூணையும் தனித்தனியா பாருங்க. மொத வகைக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன், அங்க இருந்தாலும் இங்க இருந்தாலும். ரெண்டாவதுக்கு வருஷா வருஷம் கணக்குக் கேட்டுக் குடுக்கலாம். மூணாவதுக்குத் தாராளமாக் குடுக்கலாம், அது ரொம்பச் சின்னச் செலவு.

இங்க நம்ம ஊர்ல கேள்வி வேற மாதிரி. நம்ம எம்பிக்கிட்ட ராணுவ பட்ஜெட்டக் குறைக்கச் சொல்லிக் கேக்குறதுல பிரயோஜனம் இல்ல, ஒதுக்குன காசு ஏன் தரைக்கு வரலன்னு கேக்கணும். 2024 அக்டோபர்ல கால் மணி நேரம் கொட்டுன மழைல செல்லூர் வீடுகளுக்குள்ள தண்ணி ஏறுச்சே, அப்ப கண்மாய்லருந்து வைகைக்குத் தண்ணி போக சிமெண்டுக் கால்வாய் கட்ட மாநில அரசு அறிவிச்சது சுமார் 12 கோடி. ஒரு போர் விமானத்தோட டயர், ரேடார்னு பிரிச்சுப் பாத்தா அதுல ஒரு மூலைக்குக் காணாத காசு. ஆனா அந்தக் காசு வெள்ளம் வந்தப்புறம்தான் வந்துச்சு, கண்மாய் வரத்துக்கால்வாய் அடைபட்டுக் கெடக்குன்னு அங்க இருக்குறவங்க வருஷக்கணக்கா மனுக் குடுத்தும் வராத காசு. வண்டியூர், மாடக்குளம், தென்கால்னு மிச்சக் கண்மாய்களுக்கும் அதே வேலை இருக்கு. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி எந்தக் கால்வாய்க்கு எம்புட்டு ஒதுக்கிருக்கு, எம்புட்டுச் செலவாயிருக்குன்னு மாநகராட்சிலயும் நீர்வளத்துறைலயும் தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேட்டா பதில் குடுத்தாகணும், மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபா.